மாமியாருக்கு வலி நின்றது எப்போது

போன மாதம் சர்க்கரை பார்த்துக்கொள்ள உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற டாக்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள், அப்புறம் வேடிக்கை பார்க்க முடியாது. உள்ளே இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர், மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பினார். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குனிய முடியாமல் குனிந்து செருப்பை மாட்டினாள். எனக்குச் சர்க்கரை ஏறியதோ இல்லையோ, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது.

"ஒண்ணுமே இல்ல" என்ற அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவும் ஊசியின் பெயரும் உங்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன, அவற்றுக்கு நான் வேண்டாம். புத்தகத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டர். நான்கைந்து கட்டில்கள், ஒரு நர்ஸ், ஒரு வார்டு ஆயாம்மா, மழை பெய்தால் வெளியில் பெய்வதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே பெய்யும் ஒரு கூரை. பாம்புக்கடி வரும், பிரசவம் வரும், பரிசலிலிருந்து வழுக்கி விழுந்து கை ஒடிந்தவர்கள் வருவார்கள். இவை எதுவும் என்னைப் படுத்தவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது சென்னம்மாவின் வயிற்றுவலி.

சென்னம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது கூட இருக்காது. கணவன் மாதையன் காவிரியில் மீன் பிடிப்பவன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் கலைந்து போயின. வலி வந்தால் ஆற்றில் அடித்துக்கொண்டு வந்ததைப் போலத் துவண்டு வருவாள். கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்து, தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்வாள். மலம் நாள்கணக்கில் இறங்காது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும், ஒரு கட்டியும் கிடையாது. என்னிடம் வருவதற்கு முன்பே டவுனில் குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்திருந்தார்கள். தழும்பு ஆறுவதற்குள் வலி திரும்ப வந்துவிட்டது.

அவளோடு கூடவே வருவது மாமியார். பொக்கை வாய். வெற்றிலையை ஒரு சின்ன இரும்பு உரலில் போட்டு இடித்துத்தான் தின்ன முடியும். மருமகள் கட்டிலில் புரண்டுகொண்டிருப்பாள், அந்தம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ஆள் பாத்தா வலி ஜாஸ்தியாவுது டாக்டரம்மா இவளுக்கு. வூட்ல வேலைன்னு சொன்னாத்தான் வவுறு வலிக்கும்" என்பார். உடனே அதே மூச்சில், "எனக்கும் இதே வலிதானுங்க. இவ வயசுல நானும் இப்டித்தான் உருளுவேன். தீட்டு நின்னுது, வலியும் நின்னு போச்சு. எல்லாம் கர்ப்பப்பை பண்ற வேலைதானுங்க" என்பார்.

நடிப்பு என்று ஒரு வாய், கர்ப்பப்பை என்று அதே வாய். இதில் எதை எடுத்துக்கொள்வது? டவுனில் நர்சிங் ஹோம் வைத்திருந்த ஒரு சர்ஜன் இருந்தார். கைத்திறமை உள்ளவர், அதை நான் மறுக்கவே மாட்டேன். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கிறது, எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை, ரத்தம் ஏறிய பிறகு வா என்று சொல்லி அனுப்பினார். அந்த ரத்தத்தை ஏற்றுவதற்குத்தான் என்னிடம் வந்தார்கள்.

நானும் ஏற்றிப் பார்த்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன், முன்னால் நிற்க வைத்து விழுங்கச் சொன்னேன். ஏறவில்லை. அவள் மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்று நர்ஸ் சொன்னாள். துப்பவில்லை, எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஊசி போட்டு வலி அடங்கிய நேரத்தில் சென்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபரேசன் பண்ணிட்டா வலி போயிருங்களா?" என்றாள்.

"தெரியலை. ஆனா அதுக்கப்புறம் குழந்தை பிறக்காது. அது தெரியுமில்லையா உனக்கு?"

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பொறக்காதுங்களா? எடுத்துக் களுவிட்டு மறுபடியும் வெச்சுருவாங்கன்னுதானே நான் நெனச்சுட்டிருக்கேன்!"

ஒருவர் கூட அவளிடம் சொல்லவில்லை. புருஷன் சொல்லவில்லை, மாமியார் சொல்லவில்லை, கைநாட்டு வாங்கிக்கொண்ட நர்சிங் ஹோமில் ஒரு ஜீவனும் சொல்லவில்லை. ஆளாளுக்கு அவள் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள், அவளிடம் பேசினவர் யாருமில்லை. "எனக்கு ஒரு புள்ளை வேணுங்க டாக்டரம்மா, வலி இருந்தாலும் பரவால்லீங்க" என்று அழுதாள். அப்படி வாயைத் திறந்து அழும்போதுதான், ஜன்னல் வெளிச்சத்தில், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மையால் கோடு இழுத்தாற்போல ஒரு நீலக்கறுப்பு தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் வாயில் வெற்றிலை, மீதிப் பேர் வாயில் புகையிலை. ஈறின் நிறத்தை யார் பார்ப்பார்கள்? ஆனால் இவள் வெற்றிலை போடமாட்டாள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் இப்படிக் கோடு விழும், குடலை முறுக்கும், மலச்சிக்கல் வரும், ரத்தம் ஏறாது, கரு தங்காது. படித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, எல்லாம் அவள் மேல் பொருந்தியது. இரவல் வாங்கி வைத்திருந்த ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அப்போதும் பொருந்தியது.

பொருந்தி என்ன பயன்? ஈயம் எங்கிருந்து வருகிறது? மேலதிகாரிக்கு எழுதினேன். "உங்க ஏரியாவுல ஏதும்மா ஃபேக்டரி?" என்று கேட்டார். ஈயம் என்றால் தொழிற்சாலை வேண்டும், புகைபோக்கி வேண்டும், அப்போதுதான் அது விஷம். வீட்டுக்குள் இருந்தால் அது பாத்திரம். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். தண்ணீரில் குறையில்லை என்று பதில் வந்தபோது அந்தக் கிணறே வற்றியிருந்தது.

நானே அவள் வீட்டுக்குப் போனேன். குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன், லேகியம் ஏதாவது தின்கிறாளா என்று கேட்டேன், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினது யார் என்று விசாரித்தேன். கொல்லையில் பார்த்தால் உடைத்துப் போட்ட லாரி பேட்டரிகள். பட்டறையிலிருந்து வாங்கி வந்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை உருக்கி, தட்டி நறுக்கி, வீச்சு வலையின் கீழ் ஓரத்தில் கனத்துக்காகப் பொருத்துவார்களாம். குண்டு என்பார்கள் அதை. குண்டு இல்லாவிட்டால் வலை தண்ணீரில் இறங்காது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். மாதையனை நிற்க வைத்துக் கத்தினேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உருக்கறது நானுங்க. பேட்டரிய ஒடைக்கறதும் நான்தான். எனக்கு ஒரு நாளும் வவுறு வலிச்சதில்லீங்களே" என்றான்.

நல்ல கேள்வி. இருந்தாலும் உருக்குவதை வீட்டை விட்டுத் தள்ளி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவனும் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோனான். பாத்திரங்களையும் மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். சென்னம்மாவுக்கு வலி மட்டும் மாறவில்லை.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு ஒகேனக்கல்லுக்குக் கூட்டம் வரும், மீன் நன்றாக விலை போகும். அதற்கு முன்பே எங்கள் நிலையத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். முகாமுக்கு ஆபரேஷன் செய்ய வருபவர் அதே சர்ஜன்தான். முகாம் முடிந்ததும் சென்னம்மாவைத் தன் ஜீப்பிலேயே கூட்டிப்போய் அங்கேயே ரத்தம் ஏற்றி மறுநாள் ஆபரேஷனை முடித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், அவளை யாரும் கேட்கவில்லை. நான் ஒன்று செய்தேன். அதுவரை அவள் என் கட்டிலில் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். வீட்டுச் சோறு வேண்டாம், வீட்டுத் தண்ணீர் வேண்டாம், வீட்டுக் காற்றே வேண்டாம். வலி குறைந்தால் விஷம் வீட்டில் இருக்கிறது என்று நிரூபித்துவிடலாம். ரொம்பப் புத்திசாலித்தனமான திட்டம் என்று எனக்கு நினைப்பு.

முகாம் அன்று காலையில் அவள் வலியில் கத்தியது சாலை வரைக்கும் கேட்டது.

என் ஈயக் கதையை முன்பே கேட்டிருந்த சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, உன் ஆஸ்பத்திரி சோத்துலயும் ஈயமா? உருக்கறவன் கல்லு மாதிரி நிக்கறான், அவன் பொண்டாட்டிக்கு மட்டும் விஷமா? ஒனக்கு ஏதோ ஒரு புத்தகம் கெடைச்சிருச்சு, அதை வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளையைச் சாகடிக்கறே. சாயந்தரம் ரெடியா வெச்சிரு."

மாமியார் உரலை எடுத்து இடிக்க ஆரம்பித்தார். மாதையன் என் முகத்தைப் பார்க்காமல் பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டான். இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது வருகிறது. அந்த நேரத்தில் விட்டுக்கொடுப்பது ரொம்பச் சுலபம். பெரியவர் சொல்கிறார், வீட்டார் கேட்கிறார்கள், நாம் நினைத்தது பொய்த்துப் போய்விட்டது, நம் மேல் பழியும் வராது. ஆனால் ஈறில் கோடு அப்படியே இருக்கிறதே, அதை என்ன செய்வது? உங்கள் கணக்கு தப்பினால் கண்ணால் பார்த்ததைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

மத்தியானம் வார்டு முழுக்க முகாமுக்கு வந்த பெண்கள். சென்னம்மாவைப் பின்பக்க வராந்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். ஊசி போட்டு வலி அடங்கியிருந்தது. ஜீப்பில் ஏறும் முன் இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம் என்று நான் பின்பக்கமாகப் போனேன். சாதாரணமாக அந்த நேரத்தில் நான் அங்கே வரமாட்டேன். கதவருகில் வரும்போதே ஒரு சத்தம் கேட்டது. கடுக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், கடுக். மாமியாரின் உரல் என்று நினைத்தேன். மாமியார் அங்கே இல்லை.

சென்னம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியிலும் கட்டிலிலும் தரையிலும் வலை பரந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய ஈயத்துண்டு. ஒரு துண்டை எடுத்து வலையோரத்துக் கயிற்றின் மேல் மடக்கி, கடைவாயில் வைத்து, கடுக் என்று கடித்து மூடுகிறாள். எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த துண்டு. எதிரே எங்கள் ஆயாம்மா காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

அவள் பதறி வலையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "ஒண்ணும் பண்ணலீங்க, சும்மாத்தான் குந்திட்டிருக்கேன். ஆபரேசன் பண்ணிட்டா குந்த முடியாதுல்லீங்களா, பெருக்குக்குள்ள வலை ஆவோணும். அதான் அதுக்குள்ள முடிச்சுரலாம்னு..."

"எத்தனை நாளா இங்க இதைப் பண்றே?"

ஆயாம்மாதான் பதில் சொன்னாள். "வந்த நாளா பண்ணுதுங்க டாக்டரம்மா. நீங்க ரவுண்ட்ஸ் வந்தா மட்டும் கீழ தள்ளிரும். வார்டுல வலைய வெச்சிருந்தா நீங்க திட்டுவீங்கன்னு நாந்தான் சொல்லி வெச்சேன்."

வார்டில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் பிரசவத்துக்கு வந்தவளுக்குத் தெரியும். ஆயாம்மா வீட்டுக்கு மீன் போய்க்கொண்டிருந்தது. நான் ஒருத்திதான், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"இதை வாயில வைக்கறேன்னு ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க என்ன திங்கறே, என்ன குடிக்கறேன்னு கேட்டீங்க. இதத் திங்கலீங்களே. குண்டு கடிக்கறதுங்க இது. பொம்பளைங்க எல்லாருந்தான் கடிக்கறோம்."

அவளைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அவளைப் பொறுத்தவரை அது வேலை கூட இல்லை. உருக்குவதும் வீசுவதும் வேலை, அது ஆம்பளை வேலை. குண்டு கடிப்பது பேசிக்கொண்டே செய்வது. அதனால்தான் நான் வீட்டுக்குப் போய் நோண்டி நோண்டிக் கேட்டபோது யாருக்குமே அது ஞாபகம் வரவில்லை. தயவுசெய்து இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியிடம் கேள்வி கேட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து கை என்ன செய்கிறது, வாய் என்ன செய்கிறது, செய்து காட்டு என்று சொல்லுங்கள். அவர்கள் 'சும்மா' என்று சொல்லும் நேரத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு கை ஈயத்துண்டை அள்ளிக்கொண்டுபோய் சர்ஜனின் மேஜையில் போட்டேன். கடித்தும் சரியாக மூடாமல் டப்பாவில் திரும்பப் போட்ட நாலு துண்டில் பல் பதிந்திருந்தது. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்து டார்ச் அடித்துச் சென்னம்மாவின் ஈறைப் பார்த்தார். "சேலத்துக்கு எழுதித் தரேன், அங்க மருந்து இருக்கும். ஆபரேஷனை அப்புறம் பாக்கலாம்" என்றார். நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, சாகும் வரையிலும் சொல்லவில்லை. ஜீப் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

சேலத்தில் மருந்து கொடுத்தார்கள். வலி மெதுவாகக் குறைந்தது, ரத்தம் மெதுவாக ஏறியது. எலும்புக்குள் போன ஈயம் அவ்வளவு சீக்கிரத்தில் இறங்காது, வருஷக்கணக்காகும். கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருந்தது. அந்தத் தெருவில் மற்றப் பெண்களைக் குண்டு கடிக்க வேண்டாம் என்று சொல்லப் போனேன். "எங்களுக்கென்ன வலியா வருது?" என்று கேட்டார்கள். இடுக்கி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது அதை மாட்டுக் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகச் செருகியிருந்தார்கள். பல் பக்கத்திலேயே இருக்கும்போது இடுக்கியை எவள் தேடிக்கொண்டிருப்பாள் என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஆனால் நான் இவ்வளவு நீட்டி முழக்கியது இதற்காக இல்லை. அன்று சாயந்தரம் ஜீப் போன பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது.

மாமியார் வந்தார். மருமகளை ஏன் ஜீப்பில் ஏற்றவில்லை என்று சண்டை பிடித்தார். என் கோபம் முழுவதையும் அந்தம்மாள் மேல் காட்டினேன். "குண்டு கடிச்சுக் கடிச்சுத்தான் இவளுக்கு இந்த வலி. கர்ப்பப்பையும் இல்லை, நடிப்பும் இல்லை. எனக்கும் வலிச்சுது, தீட்டு நின்னதும் நின்னு போச்சுன்னு சொல்லிச் சொல்லியே இவ வயித்தை அறுக்கப் பார்த்தீங்களே, உங்களுக்குப் பல்லு போனது எப்போ?"

"என்னத்துக்குங்க கேக்கறீங்க? அதுவும் அந்த வாக்குலதான், தீட்டு நின்ன சமயத்துல. ஒண்ணொண்ணா ஆடி உளுந்துருச்சு."

"அதுக்கப்புறம் குண்டு கடிச்சது யாரு?"

"பல்லு போனப்பறம் நான் எங்கிருந்து கடிக்கறது? அதுக்குத்தானே பையனுக்கு வெரசாக் கலியாணம் பண்ணுனோம். இவளப் பொண்ணு பாக்கப் போனப்பவே பல்லப் பாத்துட்டுத்தான்..."

அத்தோடு நின்றுவிட்டார். கையில் உரல். உள்ளே பாதி இடித்த வெற்றிலை. நாக்கால் பொக்கை ஈறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடவினார். நான் இன்னும் கத்துவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்தம்மாள், "டாக்டரம்மா" என்றார். குரல் மாறியிருந்தது. "எனக்கு மாதையன் ஒருத்தந்தான் தங்குனான். அவனுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் நிக்கல. சாமி குத்தம்னு சொல்லி எங்க மாமியா என்னைய வூட்ட வுட்டே தொரத்துனா. அதுங்களும் இதனாலதானுங்களா?"

எந்தப் பரிசோதனையும் இல்லை, காலமும் கடந்துவிட்டது. நான் தெரியாது என்று சொன்னேன். டாக்டராக அது சரியான பதில். அந்தம்மாள் என் முகத்திலிருந்து வேறு பதிலைப் படித்துக்கொண்டார்.

உரலைத் தரையில் வைத்தார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து சென்னம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "வாயத் தொற" என்றார். சென்னம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். மாமியார் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, மருமகளின் பல்லை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.